சாமுவேல் எசேக்கியேல் திவேகர்

சென்னையினின்று வடக்கே கும்மிடிப்பூண்டிக்குப் புகைவண்டியிற் செல்வோர் இன்று காண்பன பெரும்பாலும் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளே. ஆயினும் 1780ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் குண்டூரினின்று புறப்பட்ட கர்னல் பெய்லியின் படை இந்நிலத்தின் வழியே தெற்கு நோக்கி வந்து, கொற்றலையாற்றின் வடகரையிற் பாளையமிறங்கிற்று. அன்றிரவே ஆறு பெருகிவிட்டது. பன்னாள் காத்துக் கரையேறிய அப்படையைத் திருவள்ளூர்ப் பகுதியிலுள்ள பேரம்பாக்கத்தருகே திப்பு சுல்தான் மறித்தார். செப்டம்பர் 10ஆம் நாள் பொள்ளிலூரில் அது முற்றும் அழிந்தது. பெய்லி சிறைப்பட்டு, 1782இல் சீரங்கப்பட்டணத்திலேயே உயிர் துறந்தார்.

அதே போரிற் சிறைப்பட்டு, உயிரோடு மீண்ட ஒருவரது வரலாற்றையே நாம் ஈண்டுக் கூறப் புகுந்தோம். அவர் மேற்குக் கடற்கரையினர். பம்பாய்ப் படையிற் பணியாற்றிய யூதர்.

சாமுவேல் எசேக்கியேல் திவேகர் 1730ஆம் ஆண்டிற் பிறந்தவர். சாமாஜி ஹசாஜி என்பது மராத்தியர் நாவில் அவர்க்கு வழங்கிய பெயர். அவர்தம் குலத்தார் பெனே இஸ்ரவேலர் எனப்படுவர். கப்பல் உடைந்து கொங்கணக் கரையில் ஒதுங்கிய ஏழு ஆடவரும் ஏழு பெண்டிரும் தம் முன்னோர் என்பது அவர்கள் கொள்கை. ஊர்தோறும் செக்காடிப் பிழைத்தனர். எபிரெய மொழியும் வேத நூலும் கைவிட்டுப் போயின. எனினும் சனிக்கிழமையிற் செக்கைத் தொடாத வழக்கம் மட்டும் போகவில்லை. அதனால் அயலார் அவரைச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றே அழைத்தனர். நூலை மறந்தும் நோன்பை விடாத இவ்வுறுதியை நாம் வியவாதிருத்தல் இயலாது.

ஆங்கிலக் கும்பினியார் பம்பாயிற் படை திரட்டியபோது இக்குலத்து இளைஞர் பலர் செக்கை விட்டு வாளேந்தினர். திவேகரும் அவர்தம் உடன்பிறந்தார் ஈசாக்கும் அவ்வாறு சென்றவர்களே. இந்தியர் எய்தக்கூடிய உயர் பதவிகளுள் ஒன்றாகிய கமாண்டண்ட் பதவியைச் சாமுவேல் அடைந்தார். பின்னர் மைசூர்ப் போரிலே அவர் திப்புவின் கையிற் சிறைப்பட்டார்.

அவர் தப்பிய வகைபற்றி ஒரு கதை வழங்குகிறது. சிறைப்பட்டவர் எவ்வினத்தார் எனத் திப்புவின் அன்னையார் வினவினராம். பெனே இஸ்ரவேலர் என்ற விடை கேட்டு, குரானிற் கூறப்பெறும் மக்களைக் கண்ணாற் கண்டதாக மகிழ்ந்து, அவரைக் கொல்லாது விடுமாறு மகனை வேண்டினராம். இதற்குச் சான்று குலத்தார் வாய்மொழியே. அஃது எவ்வாறாயினும், பகையரசரின் தாயை நன்றியோடு நினைக்கும் ஒரு கதையை அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்தமை நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

உயிர் பிழைத்தால் தம் மக்களுக்கு ஒரு தொழுகைக் கூடம் எடுப்பதாகச் சிறையில் அவர் நேர்ந்துகொண்டார் என்பர். அந்நாளிற் பம்பாயில் அவர்க்கு அத்தகைய கூடம் ஒன்றுமில்லை. வீடுகளிலேயே தொழுது வந்தனர். 1784இற் போர் முடிந்தது. இடையே பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. துன்பத்தில் நேர்ந்ததை இன்பத்தில் மறப்பார் உலகிற் பலர். திவேகரோ அறுபத்தாறாம் வயதில், 1796ஆம் ஆண்டு, அக்கூடத்தை எழுப்பி நிறுவினார். எபிரெயத்தில் 'இரக்கத்தின் வாயில்' எனப் பொருள்படும் பெயர் அதற்கு வாய்த்தது. சிறைவாயில் கடந்து வந்தவர் கட்டிய இடத்திற்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

கூடம் அமைந்தும் ஒரு குறை நின்றது. யூதர் தொழுகையில் ஓதப்படும் தோரா அச்சிட்ட நூலாகாது. பயின்ற எழுத்தாளன் தோலிற் கையால் எழுதிய சுருளே வேண்டும். கொங்கணத்தில் அதனை எழுதுவார் இலர். கொச்சியிலோ 1568இலேயே பரதேசி யூதர் தொழுகைக் கூடம் கட்டியிருந்தனர். மறைநூற் பயிற்சி உடையோரும் அங்கிருந்தனர். ஆதலின் சுருள் பெற வேண்டி அம்முதியவர் கொச்சிக்குப் புறப்பட்டார். மீளவில்லை. 1797இல் அங்கேயே காலமானார்.

அவர் தொடங்கிய கூடம் 1860இல் இப்போதுள்ள இடத்திற்கு மாற்றப்பெற்றது. அது நிற்கும் தெரு, சாமுவேல் தெரு. பெனே இஸ்ரவேலர் தம் தொழுகைக் கூடத்தை மராத்தியில் மசூதி என்றே குறிப்பர். அருகிலுள்ள மஸ்ஜித் என்னும் புகைவண்டி நிலையம் பெயர் பெற்றது அதனாலேயே என்பாரும் உளர்.