ஆயிரம் பழமரம் கொடுத்த நண்பர்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கடியப்பட்டணம் என்று ஒரு கடற்கரை ஊர். வள்ளியாறு கடலில் கலக்கும் இடம் அது. பக்கத்திலேயே முட்டம். கடல், மணல், தென்னை. இவைதான் அந்தப் பக்கத்து அழகு.

அந்தக் கரையோரத்தில் கரமடி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றின் இரண்டு முனையிலும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒரு பக்கம் தளர்ந்தால் வலை கோணிவிடும். எல்லாரும் சேர்ந்து இழுத்தால்தான் மீன் கரை சேரும். வந்த மீனில் இழுத்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு.

கடலில் நடக்கும் இந்தக் காரியம் மண்ணில் நடக்குமா? பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே தோட்டத்தில் பாடுபட முடியுமா? ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட முடியுமா?

முடியும் என்று நம் தமிழர்கள் காட்டினார்கள். இங்கே அல்ல. கடல் தாண்டி, தென் ஆப்பிரிக்காவில். 1910-ஆம் ஆண்டில்.

அந்தத் தோட்டத்துக்கு நிலம் கொடுத்தவர் தமிழர் அல்ல. இந்தியரும் அல்ல. அவர் ஒரு வெள்ளைக்காரர். பெயர் ஹெர்மன் காலன்பாக். காந்தியடிகளின் உயிர் நண்பர்.

சுகமாக வாழ்ந்தவர்

காலன்பாக் 1871-ஆம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் இன்றைய லிதுவேனியா நாட்டில் இருக்கிறது. யூதக் குடும்பம். ஜெர்மனியில் கட்டிடக் கலை படித்தார். நீச்சல் தெரியும். பனிக்கட்டியில் சறுக்கி விளையாடத் தெரியும். நல்ல உடற்கட்டு உள்ளவர்.

1896-ல் தென் ஆப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே ஜோகன்ஸ்பர்க் நகரில் தங்கம் கிடைத்துப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கே பார்த்தாலும் புதுக் கட்டிடங்கள். கட்டிடக் கலை தெரிந்தவருக்கு வேலைக்குப் பஞ்சமா? கை நிறையச் சம்பாதித்தார். கை நிறையச் செலவும் செய்தார்.

அவருக்குக் கலியாணம் ஆகவில்லை. தனி ஆள். வீட்டு வாடகை போக, தன் ஒருவருக்கே மாதம் 1,200 ரூபாய் செலவு செய்து வந்தார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று நினைத்துப் பாருங்கள்!

பிறகு அவருக்குக் காந்தியடிகளின் பழக்கம் ஏற்பட்டது. காந்தி அப்போது ஜோகன்ஸ்பர்க்கில் வக்கீல். இருவரும் பேசினார்கள், பழகினார்கள். பிறகு ஒரே வீட்டில் தங்கினார்கள். காலன்பாக்கின் வாழ்க்கை மாறியது. 1,200 ரூபாய்ச் செலவு 120 ரூபாயாக இறங்கியது. பத்தில் ஒரு பங்கு! மாமிசத்தை விட்டார். தம் வேலையைத் தாமே செய்யப் பழகினார்.

பணம் கரைந்தது

அந்தச் சமயத்தில் அங்கே இந்தியர்களுக்கு ஒரு சோதனை வந்தது. டிரான்ஸ்வால் என்ற பகுதியில் வாழும் இந்தியர்கள் கைரேகை பதித்துப் பெயரைப் பதிய வேண்டும். பதிவுச் சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். சர்க்கார் இப்படிச் சட்டம் போட்டது. இது மானக்கேடு என்று இந்தியர்கள் எதிர்த்தார்கள். 1906-ல் சத்தியாக்கிரகம் பிறந்தது.

சட்டத்தை மீறியவர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஏராளமானவர்கள் தமிழர்கள். தம்பி நாயுடு போன்ற தொண்டர்கள் திரும்பத் திரும்பச் சிறை புகுந்தார்கள்.

ஆண்கள் சிறைக்குப் போனால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? மனைவிக்கும் மக்களுக்கும் யார் சோறு போடுவது? குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பணம் கொடுத்தார்கள். இந்தியாவிலிருந்து ரத்தன் டாட்டா 25,000 ரூபாய் அனுப்பினார். ஆனாலும் பணம் கரைந்துகொண்டே போனது. போராட்டம் எத்தனை வருடம் நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. குழந்தைகள் பட்டினி கிடந்தால் சிறையில் இருக்கும் தகப்பன் எத்தனை நாள் தாங்குவான்? போராட்டமே முறிந்து போகும் நிலை.

எல்லாக் குடும்பங்களும் ஒரே இடத்தில் வாழ்ந்தால் செலவு குறையும். வேலையும் கிடைக்கும். அதற்கு நிலம் வேண்டும். நிலத்துக்கு எங்கே போவது?

1,100 ஏக்கர்

அப்போதுதான் காலன்பாக் முன்வந்தார். ஜோகன்ஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில், லாலி என்ற ரெயில் நிலையத்துக்கு அருகில் 1,100 ஏக்கர் நிலம் வாங்கினார். 1910-ஆம் ஆண்டு மே 30-ந் தேதி அதைச் சத்தியாக்கிரகிகளிடம் கொடுத்தார். போராட்டம் முடியும் வரை அங்கே இருக்கலாம். வாடகை ஒரு காசு கூட இல்லை.

நம் பக்கத்தில் 10 சென்ட் இருந்தாலே தோட்டம் என்கிறோம். இது 1,10,000 சென்ட்! ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள் அதில் நின்றன. ஆரஞ்சு, பிளம், ஆப்ரிகாட் எல்லாம் ஏராளமாகக் காய்த்தன. இரண்டு கிணறுகள், ஒரு நீரூற்று. குன்றின் அடியில் ஒரு சிறிய வீடு. அதில் ஐந்தாறு பேர்தான் தங்கலாம்.

ரஷ்ய நாட்டு ஞானி டால்ஸ்டாய், அவரவர் உணவுக்கு அவரவரே உடலால் பாடுபட வேண்டும் என்று எழுதியவர். அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை.

குளிரில் தொடங்கிய வேலை

ஜூன் மாதம் அங்கே குடியேறத் தொடங்கினார்கள். ஜூன் என்றால் நமக்கு இடவப்பாதி மழை. தென் ஆப்பிரிக்காவிலோ பருவங்கள் தலைகீழ். அங்கே ஜூன், ஜூலை மாதங்கள் கடுங்குளிர் காலம். மழை இல்லை. புல் காய்ந்து கிடக்கும். அக்டோபரில்தான் மழை எட்டிப் பார்க்கும்.

இப்படிப்பட்ட ஊரில் குளிர் மாதங்கள் சும்மா இருக்கும் மாதங்கள் அல்ல. குழி வெட்டுவது, மரம் வெட்டுவது, எரு சேர்ப்பது எல்லாம் மழைக்கு முன் முடிய வேண்டும். முதல் மழை விழும்போது மண் தயாராக இருக்க வேண்டும். நம் ஊர்த் தென்னந்தோப்புக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் தங்க இடம் வேண்டுமே! சுமார் இரண்டு மாதம் கூடாரத்தில் படுத்தார்கள். நகரத்தில் பெரிய கட்டிடங்களுக்குப் படம் போட்ட காலன்பாக், இங்கே தகரக் கொட்டகை கட்டினார். ஆண்களுக்கு ஒரு கட்டிடம். பெண்களுக்கு ஒரு கட்டிடம். பள்ளிக்கூடமும் பட்டறையும் எழுந்தன.

குஜராத்திகள், தமிழர்கள், தெலுங்கர்கள், வட இந்தியர்கள் எல்லாரும் வந்தார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி என்ற எல்லா மதத்தாரும் இருந்தார்கள். இளைஞர்கள் 40 பேர் அளவில். குழந்தைகள் 20, 30 பேர்.

தோட்ட வாத்தியார்

பண்ணையில் வேலைக்காரர் கிடையாது. சமையல் முதல் கழிவு அகற்றுவது வரை எல்லாம் சொந்தக் கையால்தான். வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். சுகாதாரமும் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவதும் தம்பி நாயுடு பொறுப்பு. தோட்டம் காலன்பாக் பொறுப்பு. சர்க்கார் மாதிரித் தோட்டம் ஒன்றில் அவர் ஏற்கெனவே தோட்ட வேலை பழகியிருந்தார்.

சமையலில் இல்லாதவர்கள் அனைவரும் தினமும் கொஞ்ச நேரம் தோட்டத்தில் இறங்க வேண்டும். பெரியவர், சிறியவர் என்ற பேதம் இல்லை. குழந்தைகளுக்குத்தான் பெரிய பங்கு. குழி வெட்டினார்கள். விறகு வெட்டினார்கள். சுமை தூக்கினார்கள். பள்ளிப் பாடம் அதற்குப் பிறகுதான்.

எல்லாக் குழந்தைகளும் ஒழுங்காக வேலை செய்தார்களா? இல்லை. சில நாள் ஏய்த்தார்கள், ஒளிந்தார்கள். குழந்தைகள் எங்கேயும் குழந்தைகள்தானே! ஆனால் ஆசிரியரும் கூடவே மண்வெட்டி பிடித்தார். தான் செய்யாத வேலையைப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி.

நீரூற்று, குடியிருப்பிலிருந்து 500 கஜம் தள்ளி இருந்தது. காவடி கட்டித் தண்ணீர் சுமந்து வந்தார்கள்.

பண்ணையில் பாம்புகள் நிறைய. தோட்டத்தில் கால் வைக்கவே பயந்தார்கள். காலன்பாக் பாம்புகளைப் பற்றிய புத்தகங்களை வாங்கிப் படித்தார். எது விஷப் பாம்பு, எது விஷம் இல்லாதது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாகத்தைப் பிடித்துக் கூண்டில் வைத்துத் தம் கையாலேயே இரை கொடுத்தார்! பிள்ளைகளின் பயம் தெளிந்தது.

குப்பையும் எருவாயிற்று

இத்தனை பேர் வாழும் இடம். குப்பையும் மலமும் சேராமல் இருக்குமா? குழி தோண்டி அதில் போட்டு, மேலே மண் போட்டு மூடினார்கள். அது மக்கி, மரத்துக்கு நல்ல எருவாயிற்று. பண்ணையில் ஈயே காணமுடியவில்லை. நோய் தடுத்ததும் அந்த மண்வெட்டிதான். எரு கொடுத்ததும் அந்த மண்வெட்டிதான்.

சமையல் ஒன்று. பந்தியும் ஒன்று. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் மனம் ஒப்பியே மரக்கறி உணவை ஏற்றார்கள். காலையில் ரொட்டியும் கோதுமைக் காப்பியும். மத்தியானம் சோறு, பருப்பு, காய்கறி. சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும். ஆரஞ்சுப் பழத்தோலும் வீணாகவில்லை. அதில் இனிப்புப் பாகு காய்ச்சி ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டார்கள்.

செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்ள, காலன்பாக் ஒரு கிறிஸ்தவத் துறவி மடத்துக்குப் போனார். திரும்பி வந்து காந்திக்கும் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்.

பண்ணையின் காரியமாக நகரத்துக்குப் போனால் ரெயிலில் போகலாம். சொந்த வேலை என்றால் நடைதான். இரவு 2 மணிக்குப் புறப்பட்டு 21 மைல் நடப்பார்கள். ஒருவர் 4 மணி 18 நிமிடத்தில் நடந்து முடித்தார்!

இந்தத் தோட்டம் லாபம் சம்பாதித்துக் கொடுக்கவில்லை. செலவைக் குறைத்தது. குடும்பங்களைக் காப்பாற்றியது. அதனால் போராட்டம் முறியாமல் நின்றது.

தோட்டத்திலிருந்து சிறைக்கு

1913-ல் கடைசிப் போராட்டம் மூண்டது. மூன்று பவுன் தலைவரி ஒரு கொடுமை. இந்தியர் முறைக் கலியாணங்கள் செல்லாது என்ற தீர்ப்பு இன்னொரு கொடுமை. முதலில் கிளம்பியவர்கள் டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பெண்கள். பதினொரு பேர். ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழ்ப் பெண்கள். கைக்குழந்தையோடு போனவர்களும் உண்டு. அவர்கள் நியூகாசில் நகருக்குப் போய்ப் பேசினார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள்.

நவம்பர் 6-ந் தேதி பெரும் படை நடந்தது. 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். எங்கே போவதாகத் திட்டம் தெரியுமா? வழியில் கைது செய்யாவிட்டால், நேரே டால்ஸ்டாய் பண்ணைக்கு!

பண்ணை வரை போகவிடவில்லை. வழியிலேயே பிடித்தார்கள். காந்தியைச் சிறையில் அடைத்தார்கள். காலன்பாக்கையும் விடவில்லை. மூன்று மாதத் தண்டனை. வசதியாக வாழ்ந்த அந்தக் கட்டிடக் கலைஞர், இந்தியருக்காகச் சிறை புகுந்தார். கடைசியில் 1914-ல் சர்க்கார் இறங்கி வந்தது. தலைவரி ஒழிந்தது. கலியாணங்கள் செல்லும் என்று சட்டம் வந்தது.

பிரிந்த நண்பர்கள்

1914 ஜூலையில் காந்தி, கஸ்தூரிபாய், காலன்பாக் மூவரும் கப்பல் ஏறினார்கள். இங்கிலாந்து போய், அங்கிருந்து இந்தியா வருவது என்று ஏற்பாடு. இந்தியாவிலேயே காந்தியோடு வாழ வேண்டும் என்பது காலன்பாக்கின் ஆசை.

ஆனால் அதற்குள் உலக யுத்தம் வந்துவிட்டது. காலன்பாக் ஜெர்மன் பிரஜை. பிரிட்டிஷாருக்கு எதிரி நாட்டார். இந்தியா போக அனுமதி கிடைக்கவில்லை. காந்தி எவ்வளவோ முயன்றும் பயன் இல்லை. காந்தி மட்டும் தாய்நாடு திரும்பினார். காலன்பாக் கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டார்.

யுத்தம் முடிந்த பிறகு தென் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பி மறுபடியும் கட்டிட வேலையைத் தொடங்கினார். ஒரு வருடம் அல்ல, இரண்டு வருடம் அல்ல, 23 வருடங்கள் நண்பர்கள் பிரிந்திருந்தார்கள். 1937-ல்தான் காலன்பாக் இந்தியா வந்து காந்தியைப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 66. ஐரோப்பாவில் ஹிட்லரால் யூதர்கள் படும் துன்பத்தை நண்பரிடம் எடுத்துச் சொன்னார். 1939-ல் மறுபடியும் வந்தார். சேவாகிராமத்தில் மலேரியாக் காய்ச்சலில் படுத்தார். காந்தியே அருகில் இருந்து கவனித்தார்.

1945-ஆம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி ஜோகன்ஸ்பர்க்கில் காலன்பாக் காலமானார். வயது 74. லிதுவேனியாவில் அவர் சிறு வயதில் வளர்ந்த ருஸ்னே என்ற ஊரில், 2015-ல் காந்திக்கும் அவருக்கும் சேர்த்துச் சிலை வைத்தார்கள். இருவரும் அருகருகே நிற்கிறார்கள்.

நமக்கும் ஆகும்

நம் தெருவிலும் நாலு குடும்பம் சேர்ந்தால் ஒரு தோட்டம் போடலாம். ஆயிரம் ஏக்கர் வேண்டாம். பத்து சென்ட் போதும். மழைக்கு முன் குழி வெட்டுங்கள். குப்பையை எருவாக்குங்கள். தண்ணீர் ஊற்றுவது யார், களை பறிப்பது யார் என்று முதல் நாளே முறை வையுங்கள். வரவு செலவை எல்லாரும் பார்க்கும்படி எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு மண்வெட்டி கொடுங்கள். ஏய்க்கும் பிள்ளையை அடிக்க வேண்டாம். நீங்களும் கூடக் குனிந்து வெட்டுங்கள். அவன் தானே வருவான்.

கரமடி இழுக்கும் கைகளுக்கு இது புதிதல்ல. கயிறு பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு மண்வெட்டி பிடிக்கவும் தெரியும்!