ரொட்டி கொடுத்துப் படித்த அடிமை

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம். அங்கே 1818-ம் ஆண்டு வாக்கில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தாய் அடிமை, ஆகவே பிள்ளையும் அடிமை. அதுவே அந்நாளையச் சட்டம். அந்தப் பிள்ளைதான் பிரடெரிக் டக்ளஸ்.

சுமார் 8 வயதில் பால்டிமோர் நகரில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டான். எஜமானி அவனுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தாள். அது எஜமானுக்குத் தெரிந்தது. உடனே தடுத்துவிட்டார். படித்தவன் அடிமையாக இருக்கமாட்டான் என்பது அவர் பயம்.

அந்தப் பயமே சிறுவனுக்கு வழி காட்டியது. விடுதலைக்குச் சாவி படிப்புதான் என்று புரிந்துகொண்டான். தெருவில் ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு வயிற்றுப் பசி. இவனுக்கு அறிவுப் பசி. வீட்டு ரொட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர்கள் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

1838 செப்டம்பர் 3-ந் தேதி மாலுமி வேடத்தில் ரயிலேறித் தப்பினார். வடக்கே, அடிமை முறை இல்லாத மாநிலத்தில் குடியேறினார். 1845-ல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1847-ல் பத்திரிகை தொடங்கினார். உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1863-ல், ஜனாதிபதி லிங்கனை நேரில் கண்டு, கறுப்புச் சிப்பாய்களுக்கும் சம சம்பளம் கேட்டார். மறு ஆண்டே அதற்குச் சட்டம் வந்தது. 1865-ல் அடிமை முறையே ஒழிந்தது.

1877-ல், ஒரு காலத்தில் தம்மைச் சொத்தாக வைத்திருந்த தாமஸ் ஆல்ட் மரணப்படுக்கையில் கிடந்தார். டக்ளஸ் போய்ப் பார்த்தார். இருவரும் மனம் கலங்கினர்.

1895-ல் டக்ளஸ் மறைந்தார். ஒரு காலத்தில் அவரை நிறம் பார்த்து விலை பேசினார்கள். இன்று அவரைக் குணம் பார்த்துப் போற்றுகிறார்கள்.