மூன்று மூட்டை மஞ்சளும் ஈரோட்டில் பிறந்த ராமானுஜனும்... கூட்டுத்தொகைக்குள் ஒளிந்த எண்களை அவர் பிடித்தது எப்படி?

ஈரோடு மஞ்சள் மண்டியில் மூன்று மூட்டை இருக்குன்னு வச்சுக்குவோம். தனித்தனி எடை தெரியாது. இரண்டு இரண்டாகத்தான் தராசில் ஏற்றினார்கள். முதலும் இரண்டாவதும் சேர்ந்து 125 கிலோ. இரண்டாவதும் மூன்றாவதும் 135. முதலும் மூன்றாவதும் 130. ஒவ்வொரு மூட்டையும் எவ்வளவு?

மூன்றையும் கூட்டினால் 390. ஒவ்வொரு மூட்டையும் இரண்டு முறை தராசில் ஏறியிருக்கிறது. அதனால் பாதி, அதாவது 195 கிலோதான் மொத்த எடை. இதிலிருந்து 125-ஐக் கழித்தால் மூன்றாவது மூட்டை 70. 135-ஐக் கழித்தால் முதல் மூட்டை 60. மீதி 65. அவ்வளவுதான் கணக்கு. முதலில் எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்க்கணும், அப்புறம் பிரிக்கணும்.

இதே யோசனையை 10 தெரியாத எண்கள் வரைக்கும் கொண்டுபோன ஒருவர், இதே ஈரோட்டில்தான் பிறந்தார். சீனிவாச ராமானுஜன்.

ஈரோடு டு கும்பகோணம்

அன்றைக்கு ஈரோடு, கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ராமானுஜனின் தாய்வழித் தாத்தா அங்கே முன்சீப் கோர்ட்டில் அமீனா. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த கோமளத்தம்மாளுக்கு 1887 டிசம்பர் 22-ல் பிறந்த தலைப்பிள்ளை இவர். அப்பா கும்பகோணத்தில் ஜவுளிக்கடை கணக்குப்பிள்ளை. குழந்தையும் கும்பகோணம் போய்விட்டது.

பள்ளியில் ஒரு மூத்த மாணவர் இவரைச் சோதித்த கதை பிரபலம். ஒரு எண்ணின் வர்க்கமூலத்தோடு இன்னொரு எண்ணைக் கூட்டினால் 7. முதல் எண்ணோடு இரண்டாவதின் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. அரை நிமிடத்தில் 9, 4 என்று விடை வந்ததாம். நீங்களே போட்டுப் பாருங்க, சரியா வரும்.

ஆனால் கணக்கு மட்டும்தான் வந்தது. கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகை போனது. 1906, 1907 என இரண்டு முறை எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. 1909-ல் ஜானகியோடு கல்யாணம் ஆச்சு, கையில் வேலை இல்லை. நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பெரிய மனிதராகப் போய்ப் பார்த்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். அடுத்தவர் காசில் இருக்க மனசு ஒப்பவில்லை. 1912 மார்ச் 1-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார்.

குமாஸ்தா எழுதிய 3 பக்கம்

அதே 1912-ல் இந்திய கணிதவியல் கழகத்தின் இதழில் வந்தது அந்தச் சின்னக் கட்டுரை. அவருடைய புகழ்பெற்ற கண்டுபிடிப்புகள் வரிசையில் இதை யாரும் சொல்வதில்லை. நம்ம மூட்டைக் கணக்குக்கு இதுதான் பெரியண்ணன்.

மஞ்சள் மொழியிலேயே சொன்னால், இப்போது மூட்டைகளின் எடையும் தெரியாது, விலையும் தெரியாது. எடைகளின் மொத்தம் தெரியும். ஒவ்வொரு எடையையும் அதன் விலையால் ஒரு முறை பெருக்கிக் கூட்டினால் என்ன வரும் என்று தெரியும். இரண்டு முறை, மூன்று முறை பெருக்கிக் கூட்டினாலும் தெரியும். 5 மூட்டை என்றால் இப்படி 10 கூட்டுத்தொகை. கண்டுபிடிக்க வேண்டியதும் 10 எண்கள். ஒவ்வொன்றாக நீக்கிப் போட ஆரம்பித்தால் பேப்பர்தான் தீரும்.

ராமானுஜன் அப்படிப் போகவில்லை. எல்லாக் கூட்டுத்தொகைகளையும் வரிசையாக வைத்து ஒரே பின்னத்துக்குள் அடக்கினார். பிறகு அந்தப் பின்னத்தைப் பகுதிப் பின்னங்களாக உடைத்தார். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மூட்டையின் எடையும் விலையும் தனியாக வந்து நின்றன. 10 எண்களுக்கான உதாரணத்தையும் அவரே போட்டுக் காட்டியிருக்கிறார்.

பிரான்சில் புரோனி என்பவர் 1795-லேயே இதே வகைச் சமன்பாடுகளுக்கு வழி கண்டிருந்தார். அதனால் ராமானுஜனின் கட்டுரை சிறியதாகிவிடாது.

டீக்கடை கியூஆர் கோடு கொஞ்சம் கிழிந்திருந்தாலும் போன் படித்துவிடுகிறதே, எப்படி? எந்த இடம் கெட்டுப்போச்சு, அங்கே எவ்வளவு மாறிப்போச்சு என்று ஒவ்வொரு பிழைக்கும் இரண்டு தெரியாத எண்கள். அவற்றைப் பிடிக்க ரீட்-சாலமன் முறை எழுதும் சமன்பாடுகளும் அச்சு அசல் இதே வடிவம்தான். அந்த முறை வந்தது 1960-ல். ராமானுஜனைப் பார்த்து உருவாக்கியது இல்லை, ஆனால் கணக்கு ஒன்றுதான்.

மீண்டும் கொங்கு மண்

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போனது. 1914 மார்ச்சில் கப்பல். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1919-ல் உடம்பு உருக்குலைந்து ஊர் திரும்பினார்.

சென்னையில் மூன்று மாதம் இருந்தவரை, காவிரிக்கரையில் உள்ள கொடுமுடிக்குக் கூட்டிவந்தார்கள். பிறந்த ஈரோட்டுக்குப் பக்கத்து ஊர். இரண்டு மாதம் தங்கியும் உடம்பு தேறவில்லை. கும்பகோணம் போய், மறுபடி சென்னை. கடைசி நாட்கள் வரை படுத்தபடியே கணக்கு எழுதினார். 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

அந்தக் கடைசி வருடத்தில் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் அதைத் திறந்து பார்த்தார். பெரும்பாலும் விடைகள் மட்டும்தான் இருந்தன, வழிமுறை இல்லை. ஒவ்வொன்றாக நிரூபித்து முடிக்க மற்றவர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.