யானைத் தடத்தில் எழுந்த இல்லம்

1953ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹொலிவுட் படப்பிடிப்புக் குழுவொன்று இலங்கைக்கு வந்து, கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைநாட்டைத் தன் களமாக்கிக் கொண்டது. அக்குழுவின் நாயகி விவியன் லீ. இரு முறை ஒஸ்கார் பரிசு பெற்றவர். ஆங்கில நாடக மேடையின் முடிசூடா மன்னர் எனப் போற்றப்பட்ட லோறன்ஸ் ஒலிவியரின் மனைவி. தேயிலை மணக்கும் அம்மலைகளை அடைந்தபோது அவருக்கு வயது 39. கீர்த்தியின் உச்சியில் நின்று வந்தவர், சில வாரங்களில் மனம் தடுமாறிய நிலையில் இத்தீவை விட்டுச் சென்றார். அவ்வாரங்களுக்கு முன்னும் பின்னும் விரிந்து கிடக்கும் வாழ்க்கை, ஒரே கலையில் உயர முயன்ற கணவன் மனைவி இருவரின் கதையாகும்.

அவர் நடிக்க வந்த படத்தின் பெயர் எலிபன்ட் வோக். தமிழில் யானைத் தடம் எனலாம். றொபேட் ஸ்டாண்டிஷ் எழுதிய நாவலைத் தழுவியது. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவரை மணந்து வருகிறாள் ஓர் ஆங்கிலப் பெண். அவள் புகுந்த பங்களாவோ, யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த பாதையின் குறுக்கே மாமனார் பிடிவாதமாகக் கட்டியது. மதில் எழுப்பித் தடுத்தும் யானைகள் தம் தடத்தை மறக்கவில்லை. இக்கதையை மனத்தில் வைத்துக்கொண்டு அம்மையாரின் வரலாற்றைப் பார்ப்போம்.

விவியன் மேரி ஹார்ட்லி 1913ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இமயத்தின் மடியில் உள்ள டார்ஜிலிங்கில் பிறந்தார். தந்தையார் கல்கத்தாவில் தரகுத் தொழில் நடத்திய ஆங்கிலேயர். மூன்று வயதிலேயே தாயாரின் நாடகக் குழுவில் மேடையேறிய சிறுமி, ஆறு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டுக் கன்னியர் மடத்துப் பள்ளியில் கல்வி கற்றார். பின்னர் லண்டன் அரச நாடகக் கலைக் கழகத்தில் சேர்ந்தார். 1932ஆம் ஆண்டில் லீ ஹோல்மன் என்ற வழக்கறிஞரை மணந்து, மறு ஆண்டு ஒரு பெண் மகவுக்குத் தாயானார். கணவரின் பெயரில் ஒரு பகுதியே அவருடைய மேடைப் பெயராயிற்று. 1935இல் லண்டனில் ஒரு நாடகம் அவரை ஒரே இரவில் புகழேணியில் ஏற்றியது. 1937இல் வெளிவந்த திரைப்படமொன்றில் ஒலிவியரோடு இணைந்து நடித்தார். இருவர் உள்ளமும் ஒன்றுபட்டன.

ஒலிவியரும் அப்போது மணமானவர். அவருடைய முதல் மனைவி ஜில் எஸ்மண்டும் நடிகையே. 1930இல் மணம் நிகழ்ந்தபோது கணவரைக் காட்டிலும் புகழ் பெற்றிருந்தவர். 1932இல் ஹொலிவுட்டில் அவருக்கென்று பேசப்பட்ட சிறந்த வேடமொன்றை, ஊதியக் குறைவைக் காட்டி மறுத்துவிடும்படி ஒலிவியரே தூண்டினார். அந்த வேடம் கதரின் ஹெப்பேர்ணை நட்சத்திரமாக்கியது. எஸ்மண்ட் பின்தங்கினார், ஒலிவியர் முன்னேறினார். ஒரே தொழிலில் இருவர் வாழும் மனையில் ஒருவர் ஏற மற்றவர் இறங்கும் நிலையை ஒலிவியர் முன்பே கண்டிருந்தார். அப்போது தராசின் மேல் தட்டில் இருந்தவர் அவர். இரண்டாம் முறை அத்தட்டு அவருக்கு எளிதில் கிட்டவில்லை.

1939இல் கோன் வித் த விண்ட் வெளியாயிற்று. ஸ்கார்லெட் ஓஹாரா வேடத்தால் லீ அம்மையார் உலகறிந்த நடிகையானார். 1940 பெப்ரவரி 29ஆம் நாள் ஒஸ்கார் பரிசளிப்பு விழா நடந்தது. அந்த ஆண்டு பரிசுக்கு ஒலிவியரின் பெயரும் முன்மொழியப்பட்டிருந்தது. பரிசு கிடைத்ததோ அவருக்கு அன்று. அவரருகே இருந்த பெண்ணுக்கு. வீடு திரும்பும் வழியில் பொறாமை தம்மை ஆட்கொண்டதையும், அந்தச் சிலையைப் பறித்து அவரையே அடித்துவிடத் தோன்றிய வெறியை அரும்பாடுபட்டு அடக்கியதையும் அவர் பிற்காலத்தில் தம் மகனிடம் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் இருவரும் கலிபோர்னியாவில் மணம் புரிந்தனர். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அன்போடு கூடவே அளவுகோல் ஒன்றும் மனைக்குள் நுழைந்துவிட்டது.

அந்த அளவுகோலைச் சரிசெய்ய அம்மையார் கண்ட வழி, கணவரின் களத்திலேயே அவருக்கு இணையாவது. திரைப்படத்தை அவர் இரண்டாம் தரமாகவே கருதினார். மேடையும் ஷேக்ஸ்பியருமே அவருடைய இலட்சியம். அந்த ஆண்டு இருவரும் தம் சேமிப்பையெல்லாம் முதலிட்டு நியூயோர்க்கில் அரங்கேற்றிய ரோமியோவும் ஜூலியற்றும் படுதோல்வி கண்டது. ஒலிவியர் இயக்கிய ஹாம்லெட் படத்தில் ஒபீலியாவாக நடிக்க அவர் விரும்பினார். வேடம் ஜீன் சிமன்சுக்குச் சென்றது. 1947இல் கணவர் சேர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு வெளிவந்த ஹாம்லெட் அவருக்கு ஒஸ்காரையும் கொணர்ந்தது. இதற்கிடையே 1945இல் அம்மையாரைக் காச நோய் பற்றியது. மனநோயின் அறிகுறிகளும் அந்த ஆண்டுகளிலேயே தலைகாட்டின.

1949இல் கணவரின் நெறியாள்கையில் ஸ்ட்ரீட்கார் நாடகத்தை லண்டனில் 326 முறை நடித்தார். சிதைந்துபோகும் பிளான்ஷ் என்ற பெண்ணின் வேடம் அது. 1951இல் அது திரைப்படமாக, இரண்டாவது ஒஸ்கார் கிடைத்தது. நடிப்புக்கான கணக்கில் மனைவிக்கு இரண்டு, கணவருக்கு ஒன்று. ஆயினும் லண்டன் விமரிசகர் எழுதிய கணக்கு வேறு. 1951இல் தம்பதியர் இரு கிளியோபாத்ரா நாடகங்களை மாறி மாறி அரங்கேற்றியபோது, மனைவியின் உயரத்துக்கு இறங்கி வருவதற்காகவே ஒலிவியர் தம் ஆற்றலைச் சுருக்கிக் கொள்கிறார் எனக் கெனத் டைனன் எழுதினார். ஒரு நடிகைக்கு இதனினும் கொடிய சொல் உண்டோ? நடிப்பு நன்றன்று என்றால் திருத்திக் கொள்ளலாம்; கணவரின் கலைக்கே தாம் சுமை என்றால் எதைத் திருத்துவது?

இந்தச் சுமையோடுதான் அவர் கண்டி மலைகளுக்கு வந்தார். துரை வேடத்தை முதலில் ஒலிவியரே ஏற்பதாக இருந்தது. வேறொரு படவேலை அவரைத் தடுத்துவிட்டது. அவருக்குப் பதிலாக வந்தவர் பீற்றர் பின்ச். 1948இல் அவுஸ்திரேலியச் சுற்றுலாவின்போது தம்பதியர் கண்டெடுத்து, ஒலிவியரே லண்டனில் ஆதரித்து வளர்த்த இளம் நடிகர். இலங்கையின் வெயிலும் உறக்கமற்ற இரவுகளும் அம்மையாரை வாட்டின. வசனம் மறந்தது. பின்சைத் தம் கணவரின் செல்லப் பெயரால் அழைக்கலானார். பின்சுடன் நெருக்கமும் வளர்ந்தது. செய்தியறிந்து ஒலிவியர் லண்டனிலிருந்து பறந்து வந்தார், நிலைமையைக் கண்டார், தம்மால் ஆவதொன்றுமில்லை எனத் திரும்பினார். ஹொலிவுட் சென்றதும் அம்மையார் முற்றாக நிலைகுலைந்தார். பிளான்ஷின் மொழிகள் அவருடைய சொந்த மொழிகளோடு கலந்தன. இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருடைய வேடம் எலிசபெத் டெயிலருக்குப் போயிற்று.

இங்கே நாம் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். அம்மையாரைப் பீடித்தது இன்று இருமுனை மனநோய் எனப்படும் உண்மையான நோய். தொழிற்போட்டி அதைப் பிறப்பித்தது எனல் அறியாமை. அன்று அவருக்கு அளிக்கப்பட்டது பெரும்பாலும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையே. ஆனால் நோயுற்ற உள்ளம் இளைப்பாற ஒரு நிழல் வேண்டும். வீடே ஒரு பரீட்சை மண்டபமாகிவிட்ட மனையில் அந்த நிழல் எங்கிருந்து கிடைக்கும்?

அதன் பின்னரும் இருவரும் ஒரே மேடையில் நின்றனர். லண்டனில் தம்பதியராக நடித்த நாடகமொன்றை ஒலிவியர் படமாக்கியபோது, மனைவியின் வேடத்தில் மர்லின் மன்றோ நடித்தார். 1960இல் மணமுறிவு, மறு ஆண்டு ஒலிவியர் நடிகை ஜோன் புளோறைட்டை மணந்தார். அம்மையார் தளரவில்லை. 1963இல் நியூயோர்க் மேடையில் டோனி விருது பெற்றார். ஒப்பிட்டுப் பார்க்க அருகே ஒலிவியர் இல்லாத மேடை அது என்பதை நாம் கவனிக்கலாம். 1967 ஜூலை 8ஆம் நாள் பழைய காச நோயே அவருடைய உயிரைப் பறித்தது. வயது 53. லண்டன் நாடக அரங்குகள் விளக்கணைத்து அஞ்சலி செலுத்தின. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த ஒலிவியர், செய்தி கேட்டதும் எழுந்து வந்து அவருடைய உடலருகே நின்றார்.

இது ஆங்கிலேயர்க்கே உரிய கதை என நினைக்க வேண்டியதில்லை. 1926இல் கொழும்பு நாடக மேடையில்தான் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்தனர். இரண்டு பெருங்குரல்கள், ஒன்றையொன்று விஞ்சுமோ எனச் செவி தீட்டிக் காத்திருந்த சபை. 1927இல் மணம் நிகழ்ந்தது. நாளடைவில் பிரிவும் நிகழ்ந்தது. பிரிவுக்குக் காரணங்கள் பல. 1933இல் கிட்டப்பா 27 வயதில் மறைந்தார். சுந்தராம்பாள் அன்று பூண்ட வெண்மையை 1980இல் தாம் மறையும் வரை களையவில்லை. பிரிந்தவரிடத்தும் அன்பு பிரியவில்லை என்பதற்கு ஒலிவியர் உடலருகே நின்ற அந்நிலையும் இவ்வம்மையாரின் வெண்ணிற ஆடையும் ஒத்த சான்றுகள்.

ஆகவே, கலைஞர் மனைகளைக் குலைப்பது அன்பின்மை என்று சொல்வதற்கில்லை. ஊரார் கையிலுள்ள அளவுகோலை வாசலில் நிறுத்தாமல் வீட்டுக்குள் விடுவதே குற்றம். கதையின் இறுதியில் யானைகள் பங்களாவைத் தகர்த்துச் செல்கின்றன. துரையும் மனைவியும் வேறிடம் தேடிப் புதுவாழ்வு தொடங்கத் துணிகின்றனர். ஒலிவியர் தம்பதியர் இருவரும் இறுதிவரை அந்தத் தடத்திலேயே வீடுகட்டி நின்றனர்.

1954இல் வெளிவந்த அப்படத்தை இன்று காண்போர் ஒன்றைக் கவனிக்கலாம். அண்மைக் காட்சிகளில் தோன்றுபவர் எலிசபெத் டெயிலர். தொலைவிலிருந்து எடுக்கப்பட்டு மீளவும் எடுக்காமல் விடப்பட்ட சில காட்சிகளில் இலங்கை மண்ணில் சிறு உருவாக நடந்து செல்பவர் விவியன் லீ.