ஜார்ஜ் சைமன் ஓம்

நம் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் செல்லும் வழியெங்கும் தொழிற்சாலைகள். அங்கே நம் தந்தையரும் தமக்கையரும் கையாளும் ஒவ்வொரு மின்சுற்றிலும் ஒரு பள்ளி ஆசிரியரின் பெயர் விளங்குகிறது. மின்தடையை நாம் அளக்கும் அலகான ஓம் அவர் பெயரே.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789 மார்ச் 16 அன்று ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுத் தொழிலாளி. தாமே நூல்களைக் கற்றுத் தம் மைந்தருக்கும் கற்பித்தவர். ஓம் பத்து வயதில் தாயை இழந்தார். பல்கலைக்கழகத்தில் நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பொழுதைக் கழித்ததால், தந்தை மனம் வருந்தி அவரைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார். அங்கே திருந்தி உழைத்தவர், 1811-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1817-இல் கொலோன் நகரில், இயேசு சபையார் நெடுங்காலம் நடத்திய பள்ளியில் ஆசிரியரானார். தந்தையிடம் கற்ற கைத்திறனால் கருவிகளைத் தாமே செய்து ஆராய்ந்தார். மின்கலத்தின் அழுத்தம் நிலையாக நில்லாததால், ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தினார். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்ற உண்மையை 1827-இல் நூலாக வெளியிட்டார். அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. மனம் நொந்து வேலையைத் துறந்தார். சில ஆண்டுகள் குறைந்த வருவாயில் வாழ்ந்தார்.

அந்த விதியின் பயனை ஒரு கணக்கில் காண்போம். 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில் உள்ளன. அவற்றின் பெருக்கலை (18) கூட்டலால் (9) வகுத்தால் 2 ஓம். தொடரில் உள்ள 4 ஓமைக் கூட்டினால் 6 ஓம். 12 வோல்ட் கொடுத்தால் ஓடுவது 2 ஆம்பியர். மொத்தத் திறன் 24 வாட். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் வெப்பமாகும் திறன் கிடைக்கும் என்று 1841-இல் ஜூல் விளக்கினார். அதன்படி 4 ஓமில் மட்டும் 16 வாட் வெப்பமாகிறது. அங்கே 10 வாட் தாங்கும் தடையைப் பொருத்தினால் அது கருகிவிடும். மதிப்பெண்ணுக்காக மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும் இக்கணக்கை நாம் கற்க வேண்டும்.

1841-இல் இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்து ஓமைப் பெருமைப்படுத்தியது. 1852-இல் மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1854 ஜூலை 6 அன்று மறைந்தார். 1881-இல் பாரிஸ் மாநாடு மின்தடை அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

சிக்கலான சுற்றையும் ஒவ்வொரு படியாகச் சுருக்கினால் விடை எளிது. பௌதிகத்திற்கு அஞ்சும் தோழியரே, பொறுமையுடன் முயல்வோம்; வெற்றி பெறுவோம்.