யார் இந்த சாமிக்கண்ணு பிள்ளை? கல்வெட்டுகளுக்குத் தேதி கண்டுபிடித்த அரசு அதிகாரி

திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீஸில் ஒரு மனு கொடுத்தால், முத்திரையில் நாள், மாதம், ஆண்டு எல்லாம் விழுந்துவிடும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், அண்ணாமலையார் கோயில் சுவர்களில் இருப்பவையும் ஒருவகையில் அரசு ஆவணங்கள்தான். யார் நிலம் கொடுத்தார்கள், யார் விளக்கெரிக்க ஏற்பாடு செய்தார்கள் என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. ஆனால், சோழர் காலக் கல்வெட்டைப் படித்தால் நமக்குப் புரிகிற மாதிரி ஒரு தேதி கிடைக்காது.

அந்தத் தேதியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் வழியை எளிதாக்கியவர்களில் முக்கியமானவர் லூயிஸ் டொமினிக் சாமிக்கண்ணு பிள்ளை. சோழ, பாண்டிய மன்னர்களின் ஆண்டுகளைப் பாடப்புத்தகத்தில் படித்த எல்லோரும் ஏதோ ஒரு வகையில் அவர் துறையின் உழைப்பைத்தான் படித்திருக்கிறார்கள். அதே சாமிக்கண்ணு பிள்ளைதான், சிலப்பதிகாரத்தின் காலம் பற்றிய பெரிய சண்டைக்கும் காரணம்.

கல்வெட்டில் தேதி எப்படி இருக்கும்?

விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் சக ஆண்டு இருக்கும். அதனுடன் 78 கூட்டினால் கிட்டத்தட்ட கி.பி. ஆண்டு வந்துவிடும். சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் அந்த வசதி குறைவு. இன்ன அரசருக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு, சூரியன் இன்ன ராசியில், வளர்பிறையா தேய்பிறையா, திதி எது, கிழமை எது, நட்சத்திரம் எது... இவ்வளவுதான்.

போதாக்குறைக்கு, ஒரே பெயரில் பல அரசர்கள். பாண்டியர்களில் எத்தனை சுந்தர பாண்டியன், எத்தனை குலசேகரன், எத்தனை வீர பாண்டியன்! எந்தக் கல்வெட்டு எந்த அரசருடையது என்று பிரிப்பதே பெரும் பாடு.

மாயர்களுக்கும் இதே சிக்கல்

ஏறக்குறைய அதே காலத்தில், உலகின் இன்னொரு மூலையிலும் சிலர் இதே மாதிரிப் புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மத்திய அமெரிக்காவின் மாயர்கள் 260 நாள் சுற்று ஒன்றையும் 365 நாள் சுற்று ஒன்றையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். இரண்டும் சேர்ந்து பழைய இடத்துக்குத் திரும்ப 52 ஆண்டுகள் ஆகும். நம்முடைய பிரபவ முதல் அட்சய வரையிலான 60 ஆண்டுச் சுற்றை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். இதுபோக, நாள்களைத் தொடர்ந்து எண்ணிக்கொண்டே போகும் நீண்ட கணக்கு ஒன்றும் அவர்களிடம் இருந்தது.

அந்தக் கணக்கை உடைத்தவர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர நூலகர் எர்ன்ஸ்ட் ஃபர்ஸ்டமன். மாய நாள் நம்முடைய எந்த நாள் என்பதற்கு 1905-ல் விடை சொன்னவர் ஜோசப் குட்மேன் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர். எழுத்துகளில் பெரும்பகுதி புரியாமல் இருந்தபோதே எண்கள் புரிந்துவிட்டன. தமிழ்நாட்டில் நிலைமை தலைகீழ்: எழுத்தைப் படிக்க முடிந்தது, நாள்தான் பிடிபடவில்லை.

கையால் போட்ட 4 லட்சம் நாள்கள்

1865-ல் பிறந்த சாமிக்கண்ணு பிள்ளை, கத்தோலிக்க கிறிஸ்தவர். சென்னை மாகாண அரசின் வருவாய்த் துறை அதிகாரி, கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் என்று பல பொறுப்புகளில் இருந்தவர். திவான் பகதூர் பட்டம் பெற்றவர். பஞ்சாங்கக் கணக்கு அவருடைய ஆபீஸ் வேலை அல்ல.

அவருக்கு முன்பே சிலர் பாதை போட்டிருந்தார்கள். ராபர்ட் சிவெல், சங்கர பாலகிருஷ்ண தீட்சித் இருவரும் இந்திய நாட்காட்டி பற்றிய நூலை 1896-ல் வெளியிட்டார்கள். ஜெர்மன் அறிஞர் கீல்ஹார்ன், கல்வெட்டு நாள்களைச் சரிபார்த்து, முதலாம் ராஜராஜனின் ஆட்சி 985-ம் ஆண்டு ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் தொடங்கியது என்று காட்டினார்.

ஆனால், ஒவ்வொரு கல்வெட்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுவது லேசான வேலை இல்லை. சூரியனைவிட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. சந்திரன் 13 பாகை 20 கலை நகர்ந்தால் ஒரு நட்சத்திரம். இரண்டின் வேகமும் நாளுக்கு நாள் மாறும்.

சாமிக்கண்ணு பிள்ளை 1911-ல் இந்தியக் காலக்கணிப்பு பற்றிய நூலை வெளியிட்டார். பாண்டிய மன்னர்களின் காலத்தைக் கணிக்கும் ஆய்வுகளையும் எழுதினார். பிறகு வந்தது அவருடைய மாபெரும் வேலை: கி.பி. 700 முதல் 1799 வரை, ஒவ்வொரு நாளுக்குமான பஞ்சாங்கம். 1,100 ஆண்டுகள், சுமார் 4 லட்சம் நாள்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. 1922-ல் அரசு அச்சகம் அதைப் பல தொகுதிகளாக வெளியிட்டது. அதன்பின், கணிதம் தெரியாத கல்வெட்டு ஆய்வாளரும் பக்கத்தைப் புரட்டித் தேதியைச் சரிபார்க்க முடிந்தது.

சிலப்பதிகாரச் சர்ச்சை

இதே முறையை இலக்கியத்துக்கும் பொருத்திப் பார்த்தார் அவர். பரிபாடலின் 11-ம் பாடலில் கோள்களின் இருப்பும் சந்திர கிரகணமும் சொல்லப்படுகின்றன. அதற்கு அவர் கண்ட ஆண்டு கி.பி. 634. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த நாள், ஆடி மாதத் தேய்பிறை அட்டமி, கார்த்திகை நட்சத்திரம், வெள்ளிக்கிழமை. காப்பியத்தின் மற்ற நாள் குறிப்புகளையும் சேர்த்து அவர் சொன்ன ஆண்டு கி.பி. 756.

இலங்கை மன்னன் கயவாகுவின் பெயரை வைத்து, சிலப்பதிகாரம் 2-ம் நூற்றாண்டு என்று நம்பியவர்களுக்கு இது அதிர்ச்சி. காப்பியத்தின் வயது ஒரே அடியில் 600 ஆண்டு குறைகிறதே! பல அறிஞர்கள் ஏற்கவில்லை. சர்ச்சை அவரோடு முடியவும் இல்லை.

கணக்கு தப்பா? இல்லை. 756 ஜூலை 23 உண்மையிலேயே வெள்ளிக்கிழமைதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாதமும் திதியும் தெரிந்தால், நட்சத்திரம் இரண்டு மூன்றுக்குள் அடங்கிவிடும். கிழமை ஏழில் ஒன்று. ஆக, இப்படி ஒரு சேர்க்கை தோராயமாக 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரலாம்.

கல்வெட்டில் இது பிரச்சினை இல்லை. அரசர் ஆண்ட காலம் ஓரளவு தெரியும், ஆட்சியாண்டும் எழுதியிருக்கும். ஒரே அரசரின் பத்துக் கல்வெட்டுகள் ஒரே தொடக்க ஆண்டைக் காட்டினால் சந்தேகத்துக்கு இடமில்லை. காப்பியத்தில் அப்படி எந்த வேலியும் கிடையாது. 600 ஆண்டுகளுக்குள் தேடினால் இந்த ஒரு குறிப்புக்கே 30 நாள்கள் பொருந்தக்கூடும். மற்ற குறிப்புகளைச் சேர்த்தால் எண்ணிக்கை குறையும். ஆனால், புலவர் அந்த நாளைப் பஞ்சாங்கம் பார்த்து எழுதினாரா, கதைக்கு ஏற்ற நாளாகத் தேர்ந்தெடுத்தாரா என்ற கேள்விக்குக் கணக்கில் விடை இல்லை.

சபையின் தலைவர்

சென்னை சட்டமன்றச் செயலாளராக இருந்த சாமிக்கண்ணு பிள்ளை, 1924-ல் அதன் தலைவரானார். இன்றைய சபாநாயகர் மாதிரியான பதவி. 1925 செப்டம்பரில், அந்தப் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அவருடைய பஞ்சாங்கத் தொகுதிகள் பின்னர் மறுபதிப்பும் கண்டன.

இன்று அவர் செய்த கணக்கை ஒரு ஆப் சில நொடிகளில் செய்துவிடும். மகாபாரதப் போர் நடந்த தேதியை சாஃப்ட்வேர் கண்டுபிடித்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருவதும் அதனால்தான். அப்படி ஒன்று வந்தால் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். எத்தனை ஆண்டுகளுக்குள் தேடினார்கள்? அதே குறிப்புக்கு வேறு எத்தனை நாள்கள் பொருந்தின?