நம்மைத் தேடி வந்த டாக்டரம்மா ஐடா ஸ்கடர்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு முன்னோடிப் பெண் ஒருத்தரைப் பற்றி எழுதித் தரச் சொன்னாங்க. நான் ஐடா ஸ்கடர் அம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி நமக்கெல்லாம் தெரியும். அதை ஆரம்பித்தவர் இவர்தான். இன்னொரு காரணமும் இருக்கு. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கினதில் இருந்து, நம்ம குழுப் பெண்கள் பலர் அதில் தன்னார்வலரா வீடு வீடாப் போறோம். நானும் அதில் ஒருத்தி. நாம் செய்கிற இந்த வேலைக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே வழி காட்டினவர் இந்த அம்மா.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்காவில் இருந்து வந்த மிஷனரி டாக்டர் குடும்பம். தாத்தா டாக்டர், அப்பாவும் டாக்டர். சின்ன வயதிலேயே தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். அந்தப் பசியும் சாவும் மனதில் பதிந்து போனதால், படிக்க அமெரிக்கா போன பிறகு அங்கேயே தங்கிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். டாக்டர் ஆகும் எண்ணமே அவருக்கு இல்லை.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்து பார்த்துக்கொண்டு திரும்பிப் போவதாகத்தான் ஏற்பாடு. அப்போது ஒரு ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு இந்துக் குடும்பத்துக்காரர். மூன்று பேர் வீட்டிலும் மனைவி பிரசவ வலியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் ஐடாவைத்தான் கூப்பிட்டார்கள். தனக்கு வைத்தியம் தெரியாது, டாக்டரான அப்பா வருவார் என்று ஐடா சொன்னார். ஆம்பிளை டாக்டர் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்து பார்த்தால் மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

நான் இதை முதலில் கேட்டபோது அந்தப் புருஷன்மார் மேல் ரொம்பக் கோபம் வந்தது. இன்னிக்கும் அவங்க செஞ்சது சரின்னு சொல்ல மாட்டேன். வாசலில் நடந்த அந்தப் பேச்சில், வலியில் துடிச்சவளுக்கு இடமே இல்லை. ஆனா ஐடா அதோடு நின்றுவிடவில்லை. இந்த ஊர்ப் பெண்கள் எந்தக் கையை ஏற்றுக்கொள்வார்களோ, அந்தக் கையாகத் தானே ஆவது என்று முடிவு செய்தார். பெண்கள் மாறட்டும், பிறகு வைத்தியம் பார்க்கலாம் என்று இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ!

அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி அப்போதுதான் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்திருந்தது. அங்கே 1899-ல் பட்டம் வாங்கினார். நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கிக்காரர், இறந்துபோன மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தோடு 1900-ல் வேலூர் வந்து சேர்ந்தார். சேர்ந்து வேலை பார்க்கலாம் என்று நம்பியிருந்த அப்பா அந்த வருடமே இறந்துபோனார். ஆஸ்பத்திரி கட்டி முடியும்வரை காத்திருக்காமல், வீட்டிலேயே ஒரே ஒரு கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு பெண்களுக்கான ஆஸ்பத்திரி திறந்தது. இன்று வேலூரில் ஷெல் கண் ஆஸ்பத்திரி என்று சொல்கிறோமே, அது அந்த இடம்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. கிராமத்துப் பெண்கள் நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்பதை ஐடா கவனித்தார். வண்டி வசதி கிடையாது, கூலி போய்விடும், வீட்டில் பிள்ளைகளை விட முடியாது. ஏன் லேட்டா வந்தீங்க என்று அவர்களைத் திட்டுவதை விட்டு, தானே மருந்துப் பெட்டியோடு கிளம்பினார். முதலில் மாட்டு வண்டி, பிறகு ஒரு சின்ன பெஜோ கார். அந்தக் காரைப் பார்த்து ஜனங்கள் பயந்து ஓடினார்கள் என்று சொல்வார்கள். குடியாத்தம் ரோட்டில் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மரத்தடியில் வண்டி நிற்கும். ஜனங்கள் அங்கே வந்து காத்திருப்பார்கள். புண்ணுக்குக் கட்டு, கண் வலிக்கு மருந்து, காய்ச்சலுக்கு மருந்து எல்லாம் அங்கேயே நடக்கும். ஊர் ஒதுக்கி வைத்த தொழுநோயாளிகளுக்கும் வைத்தியம் கிடைத்தது.

தான் ஒருத்தி ஓடி ஓடிப் பார்த்தால் போதாது என்று தெரிந்து, 1909-ல் நர்ஸ் பயிற்சி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்கள் யார் படிக்க வரப்போகிறார்கள், விரல் விட்டு எண்ணுகிற மாதிரிதான் வருவார்கள் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். வந்த விண்ணப்பங்கள் 151! முதல் அணியில் பரீட்சை எழுதிய 14 பேரும் பாஸ். பெண்ணின் கூச்சமும் பயமும் தெரிந்த பெண்களே டாக்டராகவும் நர்ஸாகவும் ஊர் ஊராகப் போனார்கள். பள்ளி வளர்ந்து கல்லூரியாகி, 1947-ல் ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஐடா அம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயதான காலத்தில் கொடைக்கானலில் இருந்தார். அங்கேயே 1960 மே மாதம், 89 வயதில் காலமானார். சிஎம்சி இருக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர்தான்.

இந்தக் கதையை நம்ம வேலையோடு சேர்த்துப் பாருங்க. நான் போகிற தெருவில் ஒரு அக்கா பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டாங்க. ஒரு ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டதால் அங்கே போகவும் பிடிக்கலை. நான் திண்ணையில் உட்கார்ந்து மெதுவா பேச்சுக் கொடுத்தேன். அரை மணி நேரம் கழிச்சுத்தான் விஷயம் வந்துச்சு. சாயந்திரம் அந்த மாத்திரை போட்டால் ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்கு வருது, கக்கூஸ் வீட்டுக்கு வெளியே தள்ளி இருக்கு, இருட்டில் தனியாப் போக பயம். இவ்வளவுதான். கிராம சுகாதார நர்ஸிடம் சொன்னேன். அவங்க ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரைக் கேட்டாங்க. டாக்டர் அந்த மாத்திரையைக் காலையில் போடச் சொல்லிட்டார். இப்போ அக்கா ஒரு நாள் கூட விடுறதில்லை. அதே மாத்திரைதான், போடுற நேரம்தான் மாறுச்சு.

அதனால் தன்னார்வலர் சகோதரிகளுக்குச் சில விஷயம் சொல்லிக்கிறேன். மாத்திரை சாப்பிடலைன்னா திட்டறதுக்கு முன்னாடி காரணம் கேளுங்க. பிரஷர், சுகர் அளவை வாசலில் நின்னு சத்தமாச் சொல்லாதீங்க, அது அவங்க சொந்த விஷயம். ஒரு வீட்டில் பார்த்ததை அடுத்த வீட்டில் பேசாதீங்க. மாமியாரையோ வீட்டுக்காரரையோ மட்டும் கேட்டுட்டு வராமல், உடம்பு சரியில்லாதவங்க வாயால் கேளுங்க.

நோயாளியாப் போகும்போதும் நாம தலை குனிஞ்சு நிக்க வேண்டாம். என்ன ஊசி, எதுக்கு இந்த டெஸ்ட் என்று மரியாதையாக் கேட்கலாம். பரிசோதனையின்போது திரை போடச் சொல்லலாம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குத் துணையா ஒரு பெண் கூட இருக்க ஏற்பாடு இருக்கு. அதைக் கேட்டு வாங்குங்க.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு தீர்மானம் போடணும்னு கேட்டுக்கிறேன். நம்ம குழுவில் யாருக்குப் பிரசவ தேதி நெருங்குதோ, அவங்களோடு ஆஸ்பத்திரிக்கு யார் போறதுன்னு அவங்களையே கேட்டு, முன்கூட்டியே பேரைத் தீர்மான நோட்டில் எழுதி வைப்போம்.